இருளர் கையும் வைத்தியர் கையும்

திருவொற்றியூரைக் கடந்து கத்திவாக்கம் நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே கடலும் மேற்கே ரயில் பாதையும் அதற்கும் அப்பால் பக்கிங்காம் கால்வாயும் நெருக்கி நிற்க, நடுவே நாடாவைப் போல நீண்டு கிடக்கிறது எங்கள் எர்ணாவூர். பாசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து தேசத்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் 1806-ஆம் ஆண்டுக்குள் வெட்டி முடித்த அந்தக் கால்வாய், பின்னர் தாது வருஷப் பஞ்சத்தின்போது எலும்பும் தோலுமாக நின்ற ஜனங்களின் உழைப்பால் நகரத்துக்குள்ளும் நீட்டப்பட்டு, அக்காலத்துக் கவர்னரின் பெயரைப் பெற்றது. அக்கால்வாயும் கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேரும் இடத்தைச் சூழ்ந்த உப்பங்கழிகளில், விடியற்காலையில் சென்று பார்ப்பவர்கள், வலையுமின்றித் தோணியுமின்றி, கழுத்தளவு நீரில் மண்டியிட்டு ஊர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கும் ஆண்களையும் பெண்களையும் காணலாம். பிடித்த இறாலைப் போடுவதற்குப் பனையோலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஏனெனில் கை இரண்டும் நீருக்கடியில் வேலையாயிருக்கும். அவர்கள் இருளர்.

அவர்கள் கையை அருகிலிருந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சிப்பி கிழித்த கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்திருக்கும். நகக்கண்ணில் கருஞ்சேறும், அனல் மின் நிலையத்துச் சாம்பல் கழியில் படியத் தொடங்கிய பிறகு அந்தச் சாம்பலும் அப்பியிருக்கும். ஓயாமல் உப்புநீரில் ஊறியதால் விரல்நுனித் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். எங்கள் தெருவுக்கு இறால் கொண்டுவரும் ஒரு மூதாட்டி சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், வலக்கை மணிக்கட்டு வரை வீங்கிப் பளபளக்க வந்து நின்றாள். கெளுத்தி முள் குத்தி மூன்று நாளாயிற்று என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதா என்று கேட்டேன்.

"போயிட்டுத்தான் வர்றேன் ஐயா. தள்ளி நில்லுன்னாங்க. கையத் தொட்டுக்கூடப் பாக்கல. சீட்ட எழுதி மேஜை ஓரத்துல தள்ளிவுட்டாங்க."

மறுநாள் வேறொரு வைத்தியசாலைக்கு நானே அவளை அழைத்துச் சென்றேன். அங்கே உட்காரச் சொன்னார்கள். கையைத் தூக்கிப் பார்த்தார்கள். சீழை எடுத்து, ஊசி போட்டு, கட்டுக் கட்டினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் அந்த இளம் டாக்டர், "எப்ப குத்துச்சு? சுகர் இருக்கா? முன்னாடி மருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்ட கேள்விகள் அனைத்தையும் வெள்ளை வேட்டியுடன் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தே கேட்டார், அவளை நோக்கி ஒரு கேள்வியும் வரவில்லை. காயம் அதே காயம், கை அதே கை. முதல் நாள் கிடைக்காத சிகிச்சை இரண்டாம் நாள் கிடைத்ததற்குக் காரணம் கூட நின்ற ஆள்தான் என்ற எண்ணம் அன்று முதல் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. வைத்தியத்துக்கும் இந்த ஜனங்களுக்கும் உள்ள உறவின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது அந்த உறுத்தலே.

இருளர் நீலகிரி முதலிய மலைச்சாரல்களில் மட்டும் வாழ்பவர்கள் என்பது பலருடைய எண்ணம். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய சமவெளி மாவட்டங்களிலும் அவர்கள் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் சிதறி வாழ்கிறார்கள்; சில இடங்களில் வில்லியர் என்றும் அழைக்கப்படுகிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அவர்கள் தொகை ஏறக்குறைய 1,90,000. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் மிக நலிந்த நிலையிலுள்ளவை என்று அரசாங்கமே வகுத்துள்ள ஆறு குடிகளுள் அவர்களும் ஒரு குடி. கன்னியம்மனைக் கும்பிடுபவர்கள், மாசிப் பௌர்ணமியன்று மாமல்லபுரத்துக் கடற்கரையில் மணலில் குடில் போட்டுத் தங்கி, விடிவதற்குள் தெய்வத்தை அழைத்து, கல்யாணங்களையும் அங்கேயே முடித்துக்கொண்டு போகிறவர்கள். வயலில் எலி வளையைத் தோண்டுவதும், பாம்பின் தடத்தை மண்ணிலே வாசிப்பதும், எந்தப் பச்சிலை எந்த மாதத்தில் எந்தப் புதரடியில் துளிர்க்கும் என்று அறிவதும் அவர்களுக்குப் பரம்பரைக் கல்வி.

அந்தக் கல்வி நம் நாட்டு வைத்தியத்துக்கு எவ்வளவு காலமாக அஸ்திவாரமாய் இருந்து வந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டவர் இல்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்து 1068-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையைப் பற்றி விரிவாகச் சொல்கிறது. வைத்தியரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று கல்லிலே பொறித்திருக்கிறார்கள். அறுவை செய்பவரும், நோயாளரைப் பேணும் பெண்களும், மூலிகை கொண்டுவந்து விறகிட்டு மருந்து காய்ச்சுபவர் இருவரும் அதில் வருகிறார்கள். அந்த இருவருக்குக் கூலி குறித்த கல், அவர்கள் பெயரைக் குறிக்கவில்லை. அவர்கள் எந்தக் குடியினர் என்று நான் துணிந்து கூறமாட்டேன். ஆனால் காட்டுக்குள் சென்று வேரைப் பறித்த கை பெயரற்றதாகவும், அந்த வேரைச் சூரணமாக்கிக் கொடுத்த கை பெயருள்ளதாகவும் இருக்கும் வழக்கம் குறைந்தது ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டது என்பதற்கு அந்தக் கல் சாட்சியாக நிற்கிறது.

ஆங்கிலேயர் வந்தார்கள், ஆஸ்பத்திரியும் வந்தது. சென்னைக் கோட்டைக்குள் 1664-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி சர் எட்வர்ட் விண்டர் தொடங்கிய வைத்தியசாலை கம்பெனியின் சிப்பாய்களுக்கானது. இன்று ஜெனரல் ஆஸ்பத்திரி என்று நாம் வழங்கும் அந்த ஸ்தாபனம் இந்நாட்டு ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது 1842-இல். இடையிலே கழிந்தவை 178 வருஷங்கள். எங்கள் வடசென்னையின் கதை வேறு. ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டிய பஞ்சத்தில், 1782-இல், பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்க்க எழுந்த மணியக்காரர் சத்திரமே பிற்பாடு வைத்தியசாலையாகி, ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வயதானவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லுவார்கள். அந்தப் பெயரில் எனக்கு ஒரு மதிப்பு உண்டு. பசியோடு வந்தவனைக் குலம் கேட்டுக்கொண்டு நிற்காமல் முதலில் கஞ்சி வார்த்த இடம் என்ற நினைவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயினும் 1885-இல் மேரி ஷார்லீப் என்ற புண்ணியவதியின் முயற்சியால் பெண்களுக்கென்று ஒரு வைத்தியசாலை எழுந்தபோது, அதன் பெயரிலேயே 'ஜாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்' என்ற சொற்கள் இடம்பெற்றன. ஆண் வைத்தியர் முன் வரக் கூசி வீட்டுக்குள்ளேயே மடிந்துகொண்டிருந்த பெண்களைக் காப்பாற்ற அப்பெயர் உதவிற்று என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் வைத்தியசாலை வாசலிலே எழுதப்பட்ட அந்த 'ஜாதி' என்ற சொல், வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் தெளிவாகப் புரிந்திருக்கும்.

இதே காலத்தில்தான், வைத்தியம் படித்த ஒரு கை இருளரின் உடம்பைக் கவனமாகத் தொட்டது. அது எட்கர் தர்ஸ்டனின் கை. 1885 முதல் சென்னை அரசாங்க அருங்காட்சிச்சாலையின் கண்காணிப்பாளராக இருந்தவர், மருத்துவம் பயின்றவர், மெடிக்கல் காலேஜில் உடற்கூற்றுப் பாடம் நடத்தியவர். அவர் தென்னிந்தியாவின் பற்பல குலத்தாரையும் குடியினரையும் நிற்க வைத்து, தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் அளவுகோல் கொண்டு அளந்து, 1909-இல் ஏழு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். இருளரின் மூக்களவும் அதிலே இருக்கிறது. அவர் சேர்த்த செய்திகளில் பிரயோஜனமானவை பல உண்டு. நானும் அவற்றைப் படித்திருக்கிறேன். ஆனால் மூக்கின் அகலத்திலிருந்து மனிதனின் தரத்தைப் படிப்படியாக அடுக்கிவிடலாம் என்று அக்காலத்துச் சாஸ்திரம் நம்பியது பெரும் பிழை. அந்தச் சாஸ்திரம் செத்து வெகுகாலமாயிற்று. எனினும், அளப்பதற்காகத் தொட்ட அந்தக் கை நாடி பார்ப்பதற்காகத் தொட்டிருந்தால் என்ற ஏக்கம் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் எழாமல் இருப்பதில்லை.

இனி, பாம்புக்கு வருகிறேன். இந்தச் சரித்திரத்தின் நடுநாயகமான பகுதி அதுவே. இருளர் நெடுங்காலம் பாம்பைப் பிடித்து அதன் தோலை வியாபாரிகளுக்கு விற்று வயிறு வளர்த்தார்கள். அந்தத் தோல் பதனிடப்பட்டு அயல்நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பையாகவும் பாதரட்சையாகவும் ஆயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பாம்புகளைக் காத்த அச்சட்டம் நியாயமானது. ஆனால் பாம்பைப் பிடித்தே பிழைத்த ஜனங்களை அதற்குப் பின் யார் காப்பது என்று சட்டம் செய்தவர்கள் யோசிக்கவில்லை. யோசித்தவர் அமெரிக்காவில் பிறந்து சென்னையையே தம் ஊராக்கிக்கொண்ட ரோமுலஸ் விட்டேகர். கிண்டியிலே பாம்புப் பண்ணை அமைத்தவர். இருளரிடமே பாம்புப் பாடம் கற்றவர். அவருடைய தூண்டுதலால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவாகி, மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் நிலைகொண்டது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு காட்டிலே விட்டுவிடுவது அதன் தொழில்.

அங்கே ஒரு நாள் முற்பகல் நின்று பார்த்திருக்கிறேன். மண்தரைப் பள்ளத்தில், வாயைத் துணியால் கட்டிய பானைகள் வரிசையாக இருந்தன; நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு ஜாதிப் பாம்புகள் அவற்றில் உறங்கின. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், வெறுங்காலோடு, கையில் சிறு கோலொன்றே துணையாக, பானையைச் சாய்த்துப் பாம்பை வெளியே விட்டார். அவசரமில்லை, ஆர்ப்பாட்டமில்லை. கோலால் தலையை மெல்ல அழுத்தி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாடையின் இரு மருங்கிலும் அமரப் பிடித்து, மெல்லிய உறை போர்த்திய கண்ணாடிக் குவளையின் விளிம்பிலே அதன் வாயை வைத்தார். பல் உறையைத் துளைத்தது. நல்லெண்ணெய் நிறத்தில் இரண்டு மூன்று சொட்டு உள்ளே வடிந்தது. அவ்வளவே. ஒரு பாம்பை ஏறக்குறைய மூன்று வாரம் வைத்திருந்து நான்கு முறை விஷம் எடுத்தபின், அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி உடனே பிடிபட்டால் திருப்பி விடுவதற்காக.

அந்தச் சொட்டுகள் உறையவைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகி, மருந்துக் கம்பெனிகளுக்குச் செல்கின்றன. அங்கே குதிரைகளுக்கு அந்த விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் விளையும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து, விஷமுறிவு மருந்தாக்குகிறார்கள். பிரான்சு தேசத்து ஆல்பர்ட் கால்மெட் 1890-களில் கண்ட வழி அது. பாம்புக் கடிக்கு இன்றளவும் நிச்சயமான மருந்து அது ஒன்றே. இந்நாட்டில் அம்மருந்து செய்யப் பயன்படும் விஷத்தின் பெரும்பகுதி இருளர் சங்கத்திலிருந்து போவது. இமயமலை அடிவாரத்து உழவனுக்கும் வங்காளத்து வயற்காட்டுப் பெண்ணுக்கும் நரம்பில் ஏறும் அந்த மருந்திலே, அவர்கள் பேர்கூடக் கேட்டிராத ஓர் இருளர் கையின் நிதானம் கலந்திருக்கிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2017-இல்தான் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோயன்று, நோயாளியே என்று எனக்குத் தோன்றுகிறது. 2023-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையைச் சேர்ந்த அத்திமரத்துக்கொல்லையில், பழங்குடிக் குடும்பத்து ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மலையிலிருந்து இறங்கச் சாலை இல்லை. ஆஸ்பத்திரி சேருமுன் குழந்தை இறந்தது. பரிசோதனை முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட, பெற்ற தாய் அந்தச் சிறு உடலைக் கையில் ஏந்தி மலைமேல் நடந்தாள். ஒரு பழங்குடி எடுத்துக் கொடுத்த விஷத்தில் விளைந்த மருந்து, இன்னொரு பழங்குடியின் குழந்தைக்கு எட்டவில்லை.

இனத் துவேஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மனம் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று கடல் தாண்டிப் போய்விடுகிறது. கனடா தேசத்தை எடுத்துக்கொள்வோம். செல்வமும் சட்டமும் நிறைந்த அந்நாட்டில், 2008-இல் வின்னிபெக் நகரத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், பிரையன் சின்க்ளேர் என்ற ஆதிகுடி மனிதர் சக்கர நாற்காலியில் 34 மணி நேரம் காத்திருந்து அங்கேயே உயிர் துறந்தார். குடிகாரர் அல்லது வீடற்றவர் தூங்குகிறார் என்றே ஊழியர்கள் நினைத்தார்கள். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி, கியூபெக் மாகாணத்தில், ஏழு குழந்தைகளின் தாயான ஜாய்ஸ் எசாக்குவான், வலியில் துடித்துக்கொண்டே, தம்மைச் சூழ்ந்து நின்ற ஊழியர்கள் வைததைக் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டு இறந்தார். துவேஷமும் அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி எழுதினார். அதன் பின்னர் அவருடைய குடியினரே, ஆதிகுடி மக்களுக்கு அவமதிப்பில்லாத வைத்தியம் உரிமை என்று ஒரு பிரகடனம் வகுத்து, அதற்கு 'ஜாய்ஸின் கோட்பாடு' என்று பெயரிட்டார்கள்.

எங்கள் கழிமுகத்துப் பெண்ணிடம் கைப்பேசியில் பதிவு செய்துவைக்க எதுவும் இல்லை. அவளை யாரும் வைது தீர்க்கவில்லை. தள்ளி நில் என்றார்கள், தாயின் வயதுடையவளை 'நீ' என்றார்கள், தொடவில்லை. அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்த இருளரை, கொத்தடிமை முறையை ஒழித்த 1976-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பல்லாண்டுகள் கழிந்தும் திருவள்ளூர் வட்டாரத்தில் அதிகாரிகள் மீட்கவேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் வேலையை விட்டு ஆஸ்பத்திரிக்கு வருவதே பெரும்பாடு. வந்த இடத்தில் ஒரு முகச்சுளிப்பைக் கண்டால் மறுமுறை வரமாட்டார்கள். 'இவங்க சொன்னா கேக்க மாட்டாங்க, முத்தவிட்டுத்தான் வருவாங்க' என்று சலித்துக்கொள்ளும் நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: முத்திப்போன பிறகு வருகிறவன், முத்துவதற்கு முன் ஒருமுறை வந்து திரும்பியவனாக இருக்கலாம்.

இதை மாற்றிக் காட்டிய இடங்கள் நம் நாட்டிலேயே உண்டு. நீலகிரியின் கூடலூரில் 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் முதலிய குடிகளின் பெண் பிள்ளைகளையே நர்ஸ்களாகப் பழக்கியது. பிரசவ வலியோடு வருபவளிடம் அவள் வீட்டுப் பாஷையிலேயே, 'அக்கா, பயப்படாதே' என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்டிலிங்கியில் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதியர் 1990-களின் ஆரம்பத்தில் ஒரு குடிசையில் தொடங்கிய வைத்தியமும், மலைவாழ் பெண்களையே ஊழியர்களாக்கித்தான் வளர்ந்தது. இவ்விரு இடங்களிலும் டாக்டர்களின் நல்ல மனம் போற்றத்தக்கது. அதைவிடப் போற்றத்தக்கது, நோயாளியின் குடியைச் சேர்ந்த ஒரு கை சிகிச்சை செய்யும் பக்கத்தில் வந்து சேர்ந்ததே.

வடநெம்மேலிச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2017-இன் தொடக்கத்தில் இவ்விருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்பு நிலத்துக்கு அழைக்கப்பட்டு, அந்நாட்டு வேட்டைக்காரர்கள் திணறிய மலைப்பாம்புகளில் 13-ஐ இரண்டு வாரத்துக்குள் பிடித்துக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது எங்கள் தெரு மூதாட்டி வெகுநேரம் சிரித்தாள். "எங்க ஜனம்தான்," என்றாள்.

மாலையைவிட மனு பெரிதாக இருக்கிறது அவளுக்கு. பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர் கொடுக்கவேண்டும். அது இல்லாமல், தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய நூற்றுக்கு ஒரு பங்கு இடத்தின் பக்கம் ஒரு பிள்ளை தலைகாட்ட முடியாது. பாட்டனுக்குப் பள்ளிக்கூடச் சான்று உண்டா, தகப்பனுக்குப் பட்டா உண்டா என்று கேட்கிறார்கள். ஏரிக்கரையில் பிறந்து ஏரிக்கரையில் செத்தவர்களிடம் எந்தக் காகிதம் இருக்கும்? அவளுடைய பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இந்தப் பங்குனியில் மூன்றாம் முறையாக மனு எழுதித் தரச் சொல்லி, காகிதமும் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆயினும், 'நர்ஸ் படிப்புக்கு' என்று நான் வாசித்தபோது, "அது எங்க இருக்கு ஐயா?" என்று கேட்டாள். காட்டினேன். கெளுத்தி முள் குத்தியதிலிருந்து முழுதும் நிமிராத ஆள்காட்டி விரலை அந்த இடத்திலே வைத்து, சற்று நேரம் பார்த்துவிட்டு, "இத மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்க ஐயா," என்றாள்.